யானைக்காது ஆர்க்கிட்டைக் காவிரிக் கரையில் வளர்ப்பது எப்படி

ஆர்க்கிட் வளர்க்கிறேன் என்று சொன்னால் எல்லாரும் உடனே கேட்பது, "எப்போ பூக்கும்?" யானைக்காது ஆர்க்கிட்டான ஃபெலனாப்சிஸ் ஜைஜான்டியாவை வீட்டுக்குக் கொண்டுவரும்போது அந்தக் கேள்வியைச் சில வருடங்களுக்குத் தள்ளி வைத்துவிடுங்கள். இந்தச் செடியின் கையிருப்பு முழுக்க இலையில் இருக்கிறது. இலையைக் காப்பாற்றத் தெரிந்தவர் கையில் அது தானாகப் பூக்கும்.

நன்கு முற்றிய செடியில் ஓர் இலை இரண்டடி நீளமும் முக்கால் அடி அகலமும் வரும். ஃபெலனாப்சிஸ் இனங்களில் இதைவிடப் பெரிய இலை எதற்கும் கிடையாது. பெரிய மடல்களாகக் கீழ்நோக்கித் தொங்குவதால் யானைக்காது ஆர்க்கிட் என்றும் சொல்வார்கள். சொந்த ஊர் போர்னியோ தீவு. மலேசியாவின் சபா, இந்தோனேசியாவின் கிழக்குக் கலிமந்தான் பகுதிகளில், மலையுச்சிக்குப் போகாமல் தாழ்வான மழைக்காட்டு மரங்களில் தொற்றி வாழ்கிறது. டச்சுத் தாவரவியலாளர் ஜே.ஜே. ஸ்மித் 1909-ல் இதற்குப் பெயர் வைத்துப் பதிவு செய்தார்.

தாழ்வான காடு என்பது நமக்கு ரொம்ப முக்கியம். ஊட்டி, கொடைக்கானலில் பார்க்கிற பல ஆர்க்கிட்டுகளைத் தஞ்சாவூருக்குக் கொண்டுவந்தால் முதல் கோடையிலேயே போய்விடும். ஜைஜான்டியா வெப்பத்துக்குப் பிறந்த செடி. இரவில் 20 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் அதற்குச் சங்கடம். நமக்கு மார்கழி, தையில்கூட அதற்கும் கீழே போவது அபூர்வம். ஆகக் குளிர் நமக்குப் பிரச்சினை இல்லை. காற்றின் ஈரம்தான் பிரச்சினை. போர்னியோவில் வருடத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல், மாதாமாதம் பரவலாகப் பெய்கிறது. நமக்கு ஏறக்குறைய அதில் பாதி. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டு நின்றுவிடும்.

நான் தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசம் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவன். வெற்றிலையைத் தொட்டுப் பார்த்தே கொடிக்குத் தண்ணீர் வேண்டுமா, வேரில் கோளாறா என்று சொல்லிப் பழகிய குடும்பம். அந்தப் பழக்கம்தான் எனக்கு இந்தச் செடியில் கைகொடுத்தது. செடி கட்டிய முதல் பலகையை, கொடி படர நட்ட அகத்தியின் நிழலில் தொங்கவிட்டபோது சித்தப்பா வந்து நின்று பார்த்தார்.

"ஏன்டா தம்பி, மாமரத்துப் புல்லுருவிய வெட்டிப் போடுன்னு நான் கத்திக்கிட்டிருக்கேன். நீ என்னடான்னா காசு குடுத்து ஒண்ண வாங்கியாந்து கட்டித் தொங்கவிடுற?"

"இது மரத்த உறிஞ்சாது சித்தப்பா. ஒட்டிக்கிட்டு நிக்கும், அவ்வளவுதான்."

அவர் கேட்டதில் நியாயம் உண்டு. நம் மாமரங்களைப் புல்லுருவி படுத்துகிற பாடு எல்லாருக்கும் தெரியும். புல்லுருவி தன் வேரை மரத்தின் கிளைக்குள்ளேயே இறக்கி நீரையும் சத்தையும் இழுத்துக்கொள்ளும். ஆர்க்கிட்டின் வேர் பட்டைக்கு மேலேயே ஓடும். பிடிமானத்துக்கு மரம், சாப்பாடு மழைநீரிலும், பட்டை இடுக்கில் மக்கிய தூசியிலும். காய்ந்த பலகையில் கட்டினாலும் அது வாழ்வதற்குக் காரணம் இதுதான்.

இலை என்ன சொல்கிறது

நர்சரியில் கிடைக்கும் டென்ட்ரோபியம் ஆர்க்கிட்டைப் பாருங்கள். தடித்த தண்டு இருக்கும். தண்ணீரை அதில் சேர்த்து வைத்துக்கொள்ளும். ஃபெலனாப்சிஸுக்கு அப்படிப்பட்ட தண்டு கிடையாது. குட்டையான ஒரே தண்டு, அதன் நுனியில் ஒரே குருத்து. நீர், சத்து எல்லாம் தடித்த இலைகளிலும் வேர்களிலும்தான். முற்றிய ஜைஜான்டியாவிலும் ஐந்தாறு இலைகள்தான் இருக்கும்; வருடத்துக்கு ஒன்றோ இரண்டோதான் புதிதாக விடும். ஒரு கொடியில் பத்து வெற்றிலை அழுகினால் அடுத்த கிள்ளுக்குள் ஈடு கட்டிவிடும். இங்கே ஓர் இலை போனால் செடியின் சேமிப்பில் ஐந்தில் ஒரு பங்கு போகிறது. அதை மீட்க வருடங்கள் பிடிக்கும்.

அதனால் வாரத்துக்கு ஒருமுறையாவது இலையைக் கையால் தொட்டுப் பாருங்கள். ஆரோக்கியமான இலை விறைப்பாக, குளுகுளுவென்று இருக்கும். மதியம் ஒரு மணிக்குத் தொடும்போது சூடாக இருந்தால் வெயில் அதிகம்; அன்றைக்கே இடம் மாற்றுங்கள். வெயிலில் வெந்த இடம் முதலில் வெளுத்து, பிறகு பழுப்பாகிக் காகிதம் போல் காய்ந்துவிடும். அந்தத் தழும்பு இலை இருக்கும்வரை போகாது.

இலையில் நீளவாக்கில் சுருக்கம் விழுந்து துவண்டால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். ஆனால் உடனே குடத்தைத் தூக்காதீர்கள். முதலில் வேரைப் பாருங்கள். வேர் வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் தாகம், தண்ணீரைக் கூட்டலாம். பழுப்பாகி, விரலால் அழுத்தினால் நசுங்கி, மேல்தோல் உருவிக்கொண்டு வந்து உள்ளே நூல் மட்டும் மிஞ்சினால் வேர் அழுகிவிட்டது. அப்போது தண்ணீரைக் கூட்டினால் மிச்ச வேரும் போகும். கொடிக்காலில் வாடல் விழும்போதும் இதே கதைதான்: இலை தாகம் என்று சொல்லும், வேரோ தண்ணீரில் அழுகிக்கொண்டிருக்கும்.

புது இலை முந்தைய இலையைவிடப் பெரிதாக வருகிறதா என்று பார்ப்பதுதான் எனக்குப் பிடித்த அளவுகோல். பெரிதாக வந்தால் நாம் செய்வது சரி. சிறுத்தால் எங்கேயோ குறை. அநேகமாக வேரில்தான்.

இன்னொரு விஷயம். நெல்லும் வெற்றிலையும் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்கும். ஃபெலனாப்சிஸ் பகலில் மூடிக்கொண்டு, நீர் வீணாகாமல் இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கி வைத்துக்கொள்ளும். ஆகவே அதற்கு இரவு நேரம் பகலைப் போலவே முக்கியம். மேற்குப் பார்த்த சிமென்ட் சுவர் ராத்திரி பத்து மணிவரை அனல் வீசும். அங்கே பகலில் எவ்வளவு நிழல் கட்டினாலும் செடி தேறாது. மொட்டை மாடியும் அப்படித்தான். பழைய ஓட்டு வீட்டு முற்றத்தின் வடக்குத் தாழ்வாரம், கிணற்றடி, தென்னந்தோப்பின் ஓரக் கொட்டகை, வாய்க்காலை ஒட்டிய வேலி மரம் இவையெல்லாம் நல்ல இடங்கள். தென்னை நிழலில் மட்டும் ஒரு கவனம் வேண்டும்: கீற்று இடுக்கில் விழும் நேர் வெயில் ஒரே இடத்தில் அரை மணி நேரம் நின்றால்கூட இலை வெந்துவிடும். 75 சதவீத நிழல் வலை ஒரு அடுக்கு கட்டிவிட்டால் அந்தப் பயம் இல்லை. செடிக்கு மேல் கையை நீட்டினால் நிழல் விழ வேண்டும், ஆனால் விரல்கள் தனித்தனியாகத் தெரியக்கூடாது. அந்த வெளிச்சம் போதும்.

கொடிக்கால் உள்ளவர்களுக்கு அகத்தி நிழலே கிடைத்த வரம். ஈரமும் இருக்கும், காற்றும் ஓடும். அகத்தியைக் கழிக்கும் நாளில் திடீரென்று வெயில் இறங்கும் என்பதால் முதல் நாளே பலகையை எடுத்துவிடுவேன். பூஞ்சை நோய்க்குப் போர்டோ கலவை அடிக்கும் நாளிலும் அப்படியே. அதில் இருக்கும் தாமிரம் ஆர்க்கிட்டின் இளவேர் நுனிக்கு ஆகாது.

பலகையில் கட்டும் விதம்

சிறு செடியைத் தொட்டியில் வளர்க்கலாம். இலை ஒரு சாணைத் தாண்டியதும் பலகைக்கு மாற்றிவிடுங்கள் என்பதே என் கருத்து. நிமிர்ந்து நிற்கும் தொட்டியில் இலைகள் கிண்ணம் போலக் கூடி, குருத்தில் தண்ணீர் தேங்கும். காட்டில் அது மரத்தின் பக்கவாட்டில் இலைகளைத் தொங்கவிட்டபடி வளர்கிறது. மழை எவ்வளவு பெய்தாலும் குருத்தில் நிற்காமல் இலை நுனி வழியாக வழிந்துவிடும். நம் ஐப்பசி அடைமழையில் குருத்து அழுகல் வராமல் காக்க இதைவிட நல்ல வழி இல்லை. குருத்து ஒன்றுதான் என்பதால், அது அழுகினால் பெரும்பாலும் செடியே முடிந்துவிடும்.

பலகைக்குப் பூவரசு அல்லது தேக்கு நல்லது. ஈரத்தில் கிடந்தாலும் சீக்கிரம் மக்காது. முருங்கை, வாதநாராயணன் மாதிரி மென்மரம் வேண்டாம். ஒரு மழைக்காலத்தில் உளுத்துவிடும். ஒன்றரை அடி நீளம், அரை அடிக்குக் குறையாத அகலம். பட்டையை உரித்துவிடுங்கள், இல்லையென்றால் வேர் பட்டையைப் பிடித்து, பட்டை ஒருநாள் கழன்று விழும்போது செடியும் சேர்ந்து விழும். இழைப்புளி போட்டு வழவழப்பாக்க வேண்டாம், சொரசொரப்பு இருக்கட்டும்.

செடியைத் தொட்டியிலிருந்து எடுக்கும் முன் அரை மணி நேரம் தண்ணீரில் வையுங்கள். காய்ந்த வேர் முறியும், நனைந்த வேர் வளையும். அழுகிய வேரை மட்டும், தீயில் காட்டி ஆறிய கத்திரியால் வெட்டுங்கள். பலகையின் மேல் பாகத்தில் அலசிய தேங்காய் நாரை மெல்லிய மெத்தையாகப் பரப்பி, குருத்து கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும்படி செடியை வைத்து, வேர்களை விரல் விரித்தாற்போல் பரப்புங்கள். அடித்தண்டின் மேலும் பழைய வேர்களின் மேலும் மட்டும் கட்டுங்கள். குருத்தின் மேலோ இலைக்காம்பின் மேலோ கட்டு விழக்கூடாது.

கட்டுவதற்கு நான் வாழைநார்தான் எடுப்பேன். நனைத்த நாரைக் கட்டைவிரல் நகத்தால் இரண்டாகக் கிழித்து, வேரை ஒரு சுற்றுச் சுற்றி, பலகையின் பின்னால் கொண்டுபோய் முடிச்சுப் போட வேண்டும். செடி அசையவே கூடாது. அசைந்தால் புது வேர் நுனி உரசி உரசிக் கறுத்துவிடும். கட்டி முடித்ததும் இலையை மெல்லத் தட்டிப் பாருங்கள். பலகையோடு சேர்ந்து ஆடினால் கட்டு சரி. நார் சில மாதங்களில் மக்கிவிடும். அதற்குள் புது வேர் மரத்தைப் பிடித்திருக்கும். வேர் நுனி பச்சையாக, ஈரமாக மின்னிக்கொண்டு மரத்தின் ரேகையோடு ஒட்டி ஓடுவதைப் பார்த்தால் செடி வீடு பிடித்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். செடியை மாற்றிக் கட்ட ஏற்ற காலம் ஆவணி, புரட்டாசி. சித்திரையில் வேண்டவே வேண்டாம். ஆனி, ஆடியில் மேல்காற்று ஈரத்தை உறிஞ்சிவிடும்.

உயிர் மரத்தில் கட்டினால் என்ன என்று கேட்பார்கள். தாராளமாகக் கட்டலாம், அழகும் அதுதான். ஆனால் நாம் புயல் வரும் சீமையில் இருக்கிறோம். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி தென்னைகள் வேரோடு சாய்ந்ததை யாரும் மறக்கவில்லை. பத்து வருடம் வளர்த்த செடியை ஆணியில் மாட்டிய பலகையில் வைத்திருந்தால், எச்சரிக்கை வந்ததும் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய்விடலாம்.

தொட்டியிலேயே வளர்ப்பவர்கள் அடுப்புக்கரி, உடைத்த செங்கல், மட்டைத் துண்டு மூன்றையும் கலந்து, செடியைச் சாய்த்து நடுங்கள். மண் ஒரு பிடிகூட வேண்டாம். தேங்காய் மட்டையில் உப்பும் துவர்ப்பும் இருக்கும். ஊறவைத்த தண்ணீர் சாயமில்லாமல் தெளியும்வரை தினமும் மாற்றி மாற்றி அலசுங்கள். மட்டை நம் வெக்கையில் சீக்கிரம் மக்கிச் சகதியாகும் என்பதால் அளவோடு சேருங்கள்.

தண்ணீர்

எப்போது ஊற்றுவது என்பதை வேரே சொல்லும். ஆர்க்கிட் வேரின் மேல் பஞ்சு மாதிரி ஓர் உறை உண்டு. காய்ந்திருக்கும்போது வெள்ளி நிறம். தண்ணீர் பட்டதும் அந்த உறை நீரை உறிஞ்சி, உள்ளிருக்கும் பச்சை வெளியே தெரியும். கண்ணெதிரே நிறம் மாறும். குழந்தைகளுக்குக் காட்டிப் பாருங்கள், அவர்களே தினமும் ஊற்ற வருவார்கள். வேர் முழுவதும் பச்சையாகும்வரை ஊற்றி, மறுபடி வெள்ளியாகும்வரை காத்திருந்தால் போதும். பலகைச் செடிக்குச் சாதாரண நாளில் காலை ஒருமுறை. பங்குனி முதல் ஆனி வரை காலையும், மதியம் மூன்று மணி வாக்கிலும். பொழுது சாய்வதற்குள் குருத்து உலர்ந்துவிட வேண்டும். மார்கழியில் பனி பெய்யும் விடியலில் செடி ஏற்கெனவே நனைந்திருக்கும். வெயில் ஏறியபின் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

எந்தத் தண்ணீர் என்பதில்தான் டெல்டாவில் பலர் சறுக்குகிறார்கள். கிழக்கே போகப் போக போர்த் தண்ணீரில் உப்பு ஏறுகிறது. வேரில் வெள்ளைப் படலம் தட்டி, வேர் நுனியும் இலை நுனியும் கருகினால் உப்புதான் காரணம். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் மலிவாகக் கிடைக்கிறது; 200 பிபிஎம்முக்குக் கீழே இருந்தால் தைரியமாக ஊற்றுங்கள். ஓட்டுத் தாழ்வாரத்து மழைநீரை முதல் மழை கழுவிப்போன பிறகு டிரம்மில் பிடித்து, கொசு வராமல் வலை கட்டி வைத்துக்கொண்டால் இதற்கு ஈடில்லை. வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் அதையும் எடுக்கலாம், உப்பு குறைவு. ஆனால் வண்டல் தெளிந்த பிறகுதான் ஊற்ற வேண்டும். வயலுக்குப் பொன்னான அந்த வண்டல் வேரின் மேல் படிந்தால் காற்றை அடைத்துவிடும்.

அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தொடும் நாட்களில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதோடு நிறுத்தக்கூடாது. அதைச் சுற்றியிருக்கும் காற்றையும் நனைக்க வேண்டும். செடிக்குக் கீழே ஆற்றுமணல் பரப்பி மதியமும் மாலையும் நனைத்து வையுங்கள். மேற்குப் பக்கம் ஈரச்சாக்கு தொங்கவிடுங்கள். கொதிக்கும் குழாயில் முதலில் வரும் சுடுதண்ணீரைச் செடியில் விட்டுவிடாதீர்கள். ஐப்பசி பிறந்ததும் நிலைமை தலைகீழ். நாலு நாள் விடாமல் பெய்தால் பலகையைத் தாழ்வாரத்துக்குள் எடுத்து மாட்டுங்கள். இலையில் நீர்கோத்தாற்போல் மெத்தென்ற புள்ளி தோன்றினால் பாக்டீரியா அழுகல். ஒரே நாளில் பரவும். புள்ளியைச் சுற்றி நல்ல பச்சையும் ஒரு விரல்கடை சேர்த்து வெட்டி எறிந்து, வெட்டுவாயில் லவங்கப்பட்டைத் தூள் தடவி, ஓரிரு நாள் தண்ணீர் காட்டாமல் காற்றோட்டத்தில் வையுங்கள்.

உரம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உரக்கடையில் கிடைக்கும் 19:19:19 கரையும் உரம், லிட்டருக்கு அரை கிராம், வாரம் ஒருமுறை, வேரை நனைத்த பிறகு. வயலுக்குத் தெளிக்கும் அளவில் கலந்தால் வேர் கருகும். பஞ்சகவ்யாவை வயலுக்கே வைத்துக்கொள்ளுங்கள். இங்கே பிசுக்குப் படிந்து எறும்பு சேரும். எறும்பு வந்தால் பின்னாலேயே மாவுப்பூச்சி வரும். அது இலையின் அடிப்பக்கம் நடுநரம்பை ஒட்டியும் இலைக்கக்கத்திலும் ஒளிந்துகொள்ளும். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து, மாலையில் துணியால் தொட்டுத் துடைத்துவிடுங்கள்; குருத்தில் படக்கூடாது. மழைக்காலத்தில் ராத்திரி டார்ச் அடித்து நத்தையைப் பொறுக்குங்கள். இளவேர் நுனி என்றால் அதற்கு உயிர்.

வாங்குவதும் பூப்பதும்

விதையிலிருந்து லேபில் வளர்த்த செடியை மட்டும் வாங்குங்கள். போர்னியோக் காட்டில் இந்தச் செடியைப் பிடுங்கிப் பிடுங்கியே அரிதாக்கிவிட்டார்கள். ஆர்க்கிட்டுகளின் பன்னாட்டு வர்த்தகம், அழியும் அபாயத்தில் உள்ள உயிரினங்களைக் காக்கும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருப்பதும் இதனால்தான். சாண் அளவு இலை, மூன்று நான்கு நல்ல வேர், கெட்டியான குருத்து இருந்தால் போதும். இரண்டங்குலக் கன்று மலிவாகக் கிடைக்கும். ஆனால் அது பூக்க ஆறேழு வருடம், சில சமயம் அதற்கும் மேல் ஆகும்.

பூங்கொத்து தண்டின் அடியிலிருந்து புறப்பட்டுத் தொங்கும். குச்சி வைத்து நிமிர்த்தாதீர்கள். அதன் இயல்பு தொங்குவது. மொட்டு வந்தபின் பலகையைத் திருப்பினால் பூக்கள் திசை தெரியாமல் முறுக்கிக்கொள்ளும், அதனால் மாட்டிய ஆணியிலேயே இருக்கட்டும். பூ இரண்டங்குலம், தடித்த இதழ், வெளிர் மஞ்சளில் செம்பழுப்புப் புள்ளிகள் நெருக்கமாக. இருபது முப்பது பூக்கள் ஒரே கொத்தில் விரியும்போது எலுமிச்சைத் தோல் கலந்த இனிப்பு வாசனை வரும். இவ்வளவு பெரிய இலையைச் சுமந்த செடிக்கு இந்தப் பூ சிறிதுதான் என்றாலும், கிட்டப்போய் ஒவ்வொரு பூவாகப் பார்த்தால் ஒன்றின் புள்ளிக்கோலம் இன்னொன்றில் இருக்காது. பூக்கள் உதிர்ந்த பிறகு காம்பு பச்சையாக இருக்கும்வரை வெட்ட வேண்டாம். காய்ந்து பழுப்பானதும் வெட்டினால் போதும்.

கையால் மகரந்தம் சேர்த்துக் காய் பிடிக்க வைக்கும் ஆசை வரும். ஆர்க்கிட் விதை தூசியளவுதான். உள்ளே சேமித்த உணவே கிடையாது. காட்டில் ஒருவகைப் பூஞ்சையின் உதவி இல்லாமல் முளைக்காது. 1922-ல் அமெரிக்க விஞ்ஞானி லூயிஸ் நட்சன் சர்க்கரை கலந்த அகார் என்ற கடற்பாசிக் கூழில் பூஞ்சை இல்லாமலே முளைக்க வைத்துக் காட்டினார். இன்றைய லேப் கன்றுகள் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். விதையை எடுத்துக்கொள்ள லேப் ஒன்று தயாராக இருந்தால், ஐந்து இலைக்குக் குறையாத செடியில் ஒரே ஒரு காய் விடுங்கள். இல்லையென்றால் பிஞ்சிலேயே கிள்ளிவிடுங்கள். காய் முற்ற மாதக்கணக்கில் ஆகும். அத்தனை மாதமும் அது சாப்பிடுவது இலையில் இருக்கும் சேமிப்பைத்தான்.